நகக்காரரின் காது

கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு வலது கையில் மட்டும் நகம் நீளம். இடது கையில் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் அவருக்கு நகக்காரர் என்று பேர் வைத்துவிட்டார். இருபது வருஷம் ஆகியும் அந்தப் பேர்தான் நிலைத்தது. சம்பளக் கவரின்மேல்கூட அப்படித்தான் எழுதியிருக்கும்.

லென்ஸின் விளிம்பைச் சட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஈரக் கல்லில் தேய்ப்பது அவர் வேலை. கல் சுழலும், தண்ணீர் சொட்டும், விரல் கொஞ்சம் சறுக்கினால் நகம் போய்விடும். அதனால் நான்கு விரல்களுக்கும் ரப்பர் உறை மாட்டிக்கொள்வார். சுண்டுவிரலுக்கு மட்டும் கிடையாது. அவர் வாசிக்கிற கிட்டாரில் அதற்கு வேலை இல்லை.

உறை மாட்டியும் நகம் உடையத்தான் செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் மோதிரவிரல் நகம் பாதியாகப் பிளந்துவிட, வேறு வழி தெரியாமல் இரண்டு தெரு தள்ளியிருந்த அழகு நிலையத்துக்குள் நுழைந்தார். நகம் செய்கிற மேசையில் இருந்த பெண், "என்ன சார், வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. விரலை நீட்டினார். அவள் பிளவில் பட்டுத்துணியின் ஒரு நூலிழையை வைத்து, பசை விட்டு, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுத்தாள். அந்த நகம் ஆறு வாரம் தாங்கியது. ஏழாவது வாரம் அவர் மறுபடி போனார். அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் ஆயிற்று.

அவள் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள், என் வீட்டுக்காரர் கிட்டார் வாசிப்பார் என்று. சினிமாப் பாட்டு வாசிப்பாரா என்று கேட்டார்கள். இல்லை, இது வேறு, காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறது, இருநூறு முந்நூறு வருஷப் பழசு என்றாள். அப்படியானால் எங்களுக்கு ஒருநாள் வாசித்துக் காட்டச் சொல்லேன் என்றார்கள். அவரிடம் கேட்டாள்.

"குரங்காட்டியா நான்?" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை அவர் வாசிப்பார். இடது காலை ஒரு மரப்பலகைமேல் தூக்கி வைத்து, கிட்டாரைத் தொடைமேல் சாய்த்து, எதிரே காகிதத்தை நிறுத்தி. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, குழாய் திறக்கக்கூடாது, தும்மல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு உருப்படி கைவசம் இருக்கிறது என்பார், சலவைக்குப் போட்டதை எண்ணுகிற மாதிரி. எல்லாம் நூலகத்துப் புத்தகங்களிலிருந்து நகல் எடுத்த காகிதங்கள். வாத்தியாரிடம் போனதில்லை. மற்றவர்கள் வாசித்ததைக் கேட்கிற வழக்கமும் இல்லை. கேட்டால் கை அவர்களைப் போலவே வாசிக்க ஆரம்பித்துவிடும், எழுதினவன் என்ன எழுதினானோ அது எனக்குப் போதும் என்பது அவர் கட்சி.

மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அந்தக் காகிதங்களில் ஒன்றின் ஓரத்தில் மெழுகுக் கலரால் ஒரு சூரியன் வரைந்துவிட்டாள். அவர் அடிக்கவில்லை. ஒரு ரப்பரைக் கையில் கொடுத்து, அழி என்றார். மெழுகுக் கலர் அழியுமா? குழந்தை சாப்பாட்டு நேரம் தாண்டியும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சூரியன் பரவி மேகமானது, பிறகு காகிதம் கிழிந்தது. "இப்ப கிழிச்சும் வச்சிட்டியா? சரி, போ" என்றார். அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் போன் செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவி நகம் செய்துவிட வேண்டும். அவர் ஒரு கையில் காகிதத்தைப் பிடித்துப் படித்தபடி மறு கையை நீட்டிக்கொண்டிருப்பார். சின்னதாக ஒரு சொரசொரப்பு இருந்தாலும் விரலைத் திருப்பி நீட்டுவார். நன்றாக அமைந்தால் கையை இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான் பேச்சு.

கல்யாணமாகிப் பதின்மூன்றாவது வருஷம், அழகு நிலையத்துக்குப் புதிதாக வந்த முதலாளியம்மா மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து, வாடிக்கையாளர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று வாத்திய இசை போட ஆரம்பித்தாள். ஒருநாள் மதியம் நகக்காரரின் மனைவி ஒரு வாடிக்கையாளரின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தன் வீட்டுக் காலை நேரம் அந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அவர் தினமும் முதலில் வாசிக்கிற அந்தச் சோகமான, மெல்ல நடக்கிற உருப்படி. ஒன்றரைப் பக்கம்தான். இவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரண்டாவது வரியின் முடிவில் மட்டும் திடுக்கென்றது. வீட்டில் விழுகிற இடத்தில் இங்கே ஒரு சுரம் ஏறி நின்றது.

வாசித்தவர் தப்பு செய்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த வரி திரும்பி வந்தது. திரும்பவும் ஏறியது. சாயங்காலம் போனில் தேடி வேறு இருவர் வாசித்ததைக் கேட்டாள். அவர்களும் ஏறினார்கள். தப்பு தன் வீட்டில்தான் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. மூன்றாவது கம்பியை முதல் ஃபிரெட் கட்டத்தில் அழுத்தி மீட்ட வேண்டிய இடத்தில், நகக்காரர் அழுத்தாமல் வெறும் கம்பியை மீட்டுகிறார். சுரம் அரைப்படி கீழே விழுகிறது. நகல் எடுத்தபோது காகித மடிப்பில், சுரத்தை அரைப்படி ஏற்றச் சொல்கிற ஒரு ஷார்ப் குறி விழாமல் போயிருக்கிறது. இந்த விவரமெல்லாம் அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குக் காது சொன்னது மட்டும்தான் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். சந்தோஷமாகத்தான் வந்தாள்.

"இன்னைக்கு பார்லர்ல உங்க பாட்டு போட்டாங்க" என்று ஆரம்பித்தாள்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பாட்டுன்னா வாய் பாடணும். இதுக்குப் பேரு பாட்டு இல்ல. பதிமூணு வருஷமா இதக்கூட தெரிஞ்சுக்காமதான் கேட்டுட்டிருக்கியா?"

"இல்லங்க, அதுல ஒரு இடத்துல..."

"நகம் தேய்க்கிறவளுக்கு எதுக்கு இதெல்லாம்? போய் சாப்பாட்ட எடுத்து வை."

அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். சொல்ல வந்ததை அப்படியே முழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்த இடம் வந்தது. சுரம் விழுந்தது. அவள் போர்வைக்குள் கிடந்தபடி சிரித்துக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் சிரித்தாள். யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்த மிட்டாய் மாதிரி அது அவளிடம் இருந்தது. திட்டு வாங்கின நாட்களில் எடுத்துச் சுவைத்தாள். ஆறு வருஷம் அந்தத் தப்பை அவர் ஒருநாளும் விடாமல் வாசித்தார், அவள் ஒருநாளும் விடாமல் கேட்டாள்.

ஆறாவது வருஷம் வாத்தியக் கடைக்காரர் ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். லென்ஸைப் பொருத்திக் கொடுத்த கையைப் பார்த்ததும், "கிட்டார் வாசிப்பீங்களா?" என்று கேட்டார். இருபது வருஷத்தில் அந்த நகத்தைப் பார்த்துச் சரியாகக் கேட்ட முதல் ஆள். அவர் கடை மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் ஒரு கூட்டம் நடக்குமாம். தொழில்முறையாக வாசிக்காதவர்கள் ஆளுக்கு ஒன்று வாசிப்பார்களாம். "வாங்களேன் சார்" என்றார்.

நகக்காரர் மூன்று மாதம் தயார் செய்தார். புதுக் கம்பிகள் மாட்டினார். எதை வாசிப்பது என்று யோசிக்கவே இல்லை. அதே ஒன்றரைப் பக்கம். மனைவியையும் வரச் சொன்னார். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

அந்தக் குறி விடுபட்ட இடம் உருப்படியில் நான்கு முறை வரும். முதல் முறை முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை ஒரு கல்லூரிப் பெண் வாயைப் பொத்தினாள். மூன்றாவது முறை வரும்போது எல்லோரும் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். நான்காவது முறை யாரோ வெளிப்படையாகவே சிரித்துவிட்டார்கள். ரசிக்கிறார்கள் என்று நகக்காரர் நினைத்தார். நிமிர்ந்து, கொஞ்சம் புன்னகைகூடச் செய்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் கடைக்காரர் எழுந்து வந்தார். "ரொம்ப அழுத்தமா வாசிச்சீங்க சார். ஒரு சின்ன விஷயம்." தன் கிட்டாரில் அந்த வரியை வாசித்தார். "இது எழுதினவர் எழுதினது." பிறகு நகக்காரர் வாசித்த மாதிரி. "இது நீங்க எழுதினது." கூட்டம் கலகலத்தது. "அங்க ஒரு ஷார்ப் இருக்கு சார். கண்ணுல படலையா? கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு!"

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் கெட்ட மனுஷன் இல்லை. ஒரு நல்ல வேடிக்கை வாயில் வந்தது, விட மனசில்லை.

திரும்பும் பேருந்தில் நகக்காரர் கிட்டார் பெட்டியை மடிமேல் நிறுத்தி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நகல் எடுத்த மெஷின் தப்பு" என்றார். "இந்த மாதிரி விஷயம் எவனுக்குத் தெரியும்? அவனுக்குத் தொழிலே அது. அதனால தெரியுது. மத்தபடி சாதாரண மனுஷங்களுக்கு..."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி.

"என்ன தெரியும்?"

"அந்த எடம் தப்புன்னு. ஆறு வருஷமா தெரியும்."

அவர் முகத்தைத் திருப்பி அவளை முழுசாகப் பார்த்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு அவள் மகளிடம் போனில் சொன்னாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னீங்க."

"அதுக்காக? இத்தன பேர் முன்னாடி நான்..." சாய்ந்த கிட்டார் பெட்டியை நேராக நிறுத்தினார். "நீயும் அங்க உக்காந்து சிரிச்சியா?"

"நான் சிரிச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

அதைச் சொன்னதும் அவளுக்கு இனித்தது. மூன்று நிறுத்தம் வரைக்கும் இனித்தது. நான்காவது நிறுத்தத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தாள். வலது கையால் துடைக்காமல் இடது கையின் புறங்கையால் துடைத்தார். அந்த நிலையிலும் நகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் அவர் கிட்டாரைத் தொடவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடியது. ஐந்தாம் நாள் காலை ஐந்தரைக்குச் சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து தன் எதிரே போட்டார். அவளை எழுப்பினார்.

"உக்காரு."

"எதுக்கு?"

"வேற எங்கெல்லாம் தப்பு? சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். அவர் அன்றைக்கு ஐந்து உருப்படிகள் வாசித்தார். அவளுக்குச் சுரத்தின் பேர் ஒன்றும் தெரியாது. "அந்த மாடிப்படி ஏறுற மாதிரி வரும்ல, அங்க மூணாவது படிய முழுங்கிடுறீங்க" என்பாள். "இங்க கட்டைவிரல் மட்டும் கத்துது." "இது பெரிசா வரப்போகுதுன்னு முன்னாடியே பயந்துடுறீங்க. கேக்குற எனக்கும் பயம் வந்துடுது." அவர் பென்சிலால் காகிதத்தில் வட்டம் போடுவார். போட்டுவிட்டு மறுபடி வாசிப்பார். ஒரு வாரத்தில் காகிதம் முழுக்க வட்டம்.

பத்தொன்பது வருஷம் போர்வைக்குள் படுத்துக் கேட்டவளுக்கு அவர் கையைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்திருந்தது. பலவற்றில் தப்பு காகிதத்தில் இல்லை, விரலில் இருந்தது. விரலில் ஊறினது சுலபத்தில் போகுமா? அந்த ஒன்றரைப் பக்கத்தில் மூன்றாவது கம்பியை அழுத்துவதற்கே அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மனசு அழுத்து என்று சொல்லும், விரல் தூக்கிக்கொள்ளும்.

சில நாள் அவள் வேண்டுமென்றே, சரியாக வாசித்ததையும் "இல்ல" என்றாள். "மறுபடி" என்றாள். இருபது தடவை அதே வரியை வாசிக்க வைத்தாள். விரல் நுனி வெடித்து ரத்தம் கசிந்தது. அவருக்குச் சந்தேகம் வரும். நிமிர்ந்து பார்ப்பார். அவள் முகத்தில் ஒன்றும் இருக்காது. மறுபடி வாசிப்பார். அதில் கொடுமை என்னவென்றால், இருபத்தோராவது தடவை அந்த வரி உண்மையிலேயே முன்னைவிட நன்றாக வந்தது.

எப்படியோ நடுவில் அவளுக்கு அந்த நாற்காலி பிடித்துப்போயிற்று. வேலைக்குப் போகும் பேருந்தில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, வேறு வேறு பேர் வாசித்ததைக் கேட்டாள். அவரிடம் இல்லாத உருப்படிகளையும் கண்டுபிடித்தாள். ராஜாக்கள் அரண்மனையில் ஆடின பழைய நடனங்கள், ஒரே மெட்டைப் பன்னிரண்டு விதமாக மாற்றிக் காட்டுகிற ஒன்று, மூன்று விரலும் ஒரே கம்பியைக் கொசு மாதிரி விடாமல் தட்டுகிற ஒன்று. பேர்களை அழகு நிலையத்து ரசீதின் பின்புறம் எழுதி வந்து கொடுப்பாள். அவர் காகிதங்களைத் தேடி வாங்கிவருவார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, இது நம்ம கைக்கு வருமா வராதா என்று பேசுவார்கள். ஒருநாள் கொசு உருப்படியை முதல் முறை வாசித்துப் பார்த்தபோது, "இது கொசு இல்ல, கழுதை நொண்டுற மாதிரி இருக்கு" என்று அவள் சொல்ல, அவர் கிட்டார்மேல் கவிழ்ந்து சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போது, இது போதும் என்று அவள் நினைத்தாள்.

பதினோரு மாதம் கழித்து அவர் மறுபடி அந்த மாடிக்குப் போனார். அவள் முந்தின நாள் நகத்துக்கு இரண்டு மணி நேரம் செலவழித்திருந்தாள். மூன்று உருப்படி வாசித்தார். கடைசியில் அதே ஒன்றரைப் பக்கம். அந்த இடம் வந்தபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுரம் ஏறி நின்றது. முடிந்ததும் கைதட்டினார்கள், எழுந்து நின்று.

கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், போன வருஷம் நான் பேசினதுக்கு மன்னிக்கணும். இது வேற கை. ஒரே வருஷத்துல எப்படி? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, சொல்லுங்க, நானும் போய்ச் சேர்றேன்!"

மூன்றாவது வரிசையில் அவள் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க வேண்டுமே என்று காலை ஊன்றிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

நகக்காரர் அவளைப் பார்த்தார். பார்க்காமல் சொன்னார் என்று யாரும் அவர்மேல் பழி போட முடியாது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"யார்கிட்டயும் இல்லைங்க. தனியா உக்காந்து என் தப்ப நானே கண்டுபிடிச்சேன். காதுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அடேயப்பா! அம்மாவும் வாசிப்பாங்களா?"

"அவங்களா?" என்று சிரித்தார். "அவங்களுக்கு இதுல ஈடுபாடெல்லாம் கிடையாது. துணைக்கு வந்திருக்காங்க."

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணக்கு நேராகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த முதல் பேருந்துப் பயணத்தை அவர் பதினோரு மாதமும் மறக்கவில்லை, கிட்டார்மேல் கவிழ்ந்து சிரித்த சிரிப்புக்கு நடுவிலும் மறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அவர் நாற்காலியைப் போட்டார். வரமாட்டாள் என்று உள்ளூர ஒரு பயம் இருந்தது. அவள் வந்தாள். வழக்கம்போலத் தலையை முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். அவர் புதிதாக எடுத்திருந்த நடனத்தை வாசித்தார். நடுவில் இரண்டு இடம் தடுக்கியது.

"எப்படி?"

"நல்லாருக்கு."

"அந்த ரெண்டாவது வரி?"

"நல்லாருக்கு."

அவர் யோசித்தார். அதே வரியை, கேட்கிற யாருக்கும் காது கூசுகிற மாதிரி ஒரு தப்புச் சுரம் சேர்த்து வாசித்தார். அவள் இமைகூட ஆடவில்லை.

"இப்ப?"

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. அவர் கத்திப் பார்த்தார். ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தார். போனில் பதிவு செய்து தானே போட்டுக் கேட்டுப் பார்த்தார். அதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தெரிந்தது, எது என்று பிடிபடவில்லை. அவள் காதுக்குக் கேட்டது அவர் காதுக்குக் கேட்கவில்லை. மாடிக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு முறை போனார். முதல் முறை தாராளமாகக் கைதட்டினார்கள். இரண்டாவது முறை மரியாதைக்குத் தட்டினார்கள். கடைக்காரர், "கொஞ்சம் ஓய்வெடுங்க சார்" என்றார். அதற்கப்புறம் அவர் போகவில்லை.

ஒருநாள் காலை காகிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "எங்க தப்புன்னு சொல்லித் தொலையேன்டி! கால்ல விழணுமா?" என்றார். அவள் எழுந்து காகிதத்தைப் பொறுக்கி, வரிசையாக அடுக்கி, திரும்ப அவர் முன்னால் நிறுத்தி வைத்தாள்.

"தப்பே இல்லையே. எல்லாமே நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

நகக்காரருக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. கண்ணாடிக் கடை வேலை தொடர்கிறது. புது உருப்படிகளைத் தேடுவதை விட்டுவிட்டார். இருக்கிறதையே வாசிக்கிறார். ஒவ்வொரு சுரத்தையும் தொடுமுன் கை தயங்குகிறது, இது சரியா, இது சரியா என்று. அவள் வராமல் இருந்துவிட்டால்கூட அவருக்குத் தேவலை, கதவைச் சாத்திக்கொண்டு தன்பாட்டுக்கு வாசித்துக்கொள்வார். ஆனால் அவள் ஒருநாளும் தவறுவதில்லை. ஜுரத்தில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருகிறாள். ஏழு மணிவரை கேட்கிறாள். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள்.